குழலோனும் அவனுக்காக இயற்றியோரும்: ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கலின் வரலாறு

0. முன்னுரை

ஐரோப்பிய இசை வரலாற்றைத் தமிழிலோ மலையாளத்திலோ பெயர்க்க முற்படுவோர் ஒருவகைத் தொடரை அடிக்கடி எதிர்கொள்வர். '18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இக்குழலிசைஞருக்காக இயற்றுநர் பலர் இசை எழுதினர்' என்பது அதன் பொது வடிவம். இதில் அருஞ்சொல் ஒன்றும் இல்லை. ஆயினும் இதனைப் பெயர்க்கும்போது மூன்று இடங்களில் பொருள் நழுவுகிறது. முதலாவது 'குழல்' என்னும் பெயர். இரண்டாவது குழலை 'வாசித்தல்' என்னும் வினை. மூன்றாவது ஒரு கருவியாளருக்காக இசை 'எழுதுதல்' என்னும் கருத்து. இம்மூன்றும் தனித்தனிச் சொற்சிக்கல்கள் அல்ல. ஒரே வரலாற்று வேறுபாட்டின் மூன்று வெளிப்பாடுகள் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

ஆய்வுக்குரிய நிலப்பகுதியாகப் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகியவற்றைச் சூழ்ந்த எல்லைச் சிற்றூர்கள் கொள்ளப்படுகின்றன. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலச் சீரமைப்பின்போது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. தமிழும் மலையாளமும் நாள்தோறும் ஒன்றையொன்று பெயர்த்துக்கொள்ளும் நிலம் இது. மேற்குறித்த மூன்று சிக்கல்களும் இங்கே பிற இடங்களைவிடத் தெளிவாகப் புலப்படும்.

1. போட்ஸ்டாமில் ஒரு குழலோன்

முதலில் மூலத்தொடர் பிறந்த சூழலைக் காண்போம். அதற்குச் சிறந்த சான்று பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் (1712–1786). 1740இல் அரியணை ஏறிய இவர் தேர்ந்த குழலிசைஞர். இளவரசராக இருந்த காலத்திலேயே யோகான் யோவாகிம் குவாண்ட்ஸ் (1697–1773) என்பாரிடம் குழல் பயின்றார். 1741இல் குவாண்ட்ஸ் ஆண்டுக்கு 2,000 தாலர் ஊதியத்தில் அரசவையில் நிலையாக அமர்ந்தார். இயற்றும் உருப்படிகளுக்கும் செய்தளிக்கும் குழல்களுக்கும் அவருக்குத் தனிப் பொருள் வழங்கப்பட்டது.

மன்னர் இசைப்பதற்கென்றே குவாண்ட்ஸ் ஏறத்தாழ 300 கான்செர்ட்டோக்களை இயற்றினார். தனிக்கருவி ஒன்றும் கருவிக்குழுவும் மாறிமாறி இசைக்கும் வடிவமே கான்செர்ட்டோ. அவற்றுள் மிகப்பல அச்சேறாமல் அரண்மனை மாலைக் கச்சேரிகளுக்கென்றே காக்கப்பட்டன. அதே அவையில் ஹார்ப்சிகார்ட் இசைத்த கார்ல் பிலிப் இம்மானுவேல் பாஹ் (1714–1788) குழலுக்கான சொனாட்டாக்களும் கான்செர்ட்டோக்களும் இயற்றினார். அவர்தம் தந்தை யோகான் செபாஸ்டியன் பாஹ் 1747 மே மாதம் போட்ஸ்டாமிற்கு வந்தார். மன்னர் அளித்த பண்ணடியை விரித்து அவர் அமைத்த 'இசைக் காணிக்கை' என்னும் தொகுதியில் குழல் இடம்பெறும் சொனாட்டா ஒன்று உண்டு. மன்னரும் தமக்காக 121 சொனாட்டாக்களை இயற்றிக்கொண்டார்.

இவ்வுருப்படிகளில் சொல் இல்லை, பாடுவோர்க்கு இடமில்லை. குழலின் ஒலியெல்லை, இசைப்பவரின் மூச்சு, விரற்பழக்கம் ஆகியவற்றை அளவாகக் கொண்டு அவை அமைந்தன. 'அவருக்காக எழுதினர்' என்னும் தொடர் அங்கே முழுப்பொருளும் உடையது. இசை தாளில் எழுதப்பட்டது. ஒரு குறிப்பிட்ட கருவிக்கு எழுதப்பட்டது. சிலவேளை ஒரு குறிப்பிட்ட மனிதரின் உதட்டுக்கும் விரலுக்கும் எழுதப்பட்டது.

2. அக்காலத் திருவிதாங்கூர்

குவாண்ட்ஸ் பெர்லின் அரசவையில் அமர்ந்த 1741ஆம் ஆண்டில்தான் மார்த்தாண்ட வர்மா (ஆட்சி 1729–1758) குளச்சலில் டச்சுப் படையை வென்றார். அப்போது தலைநகர் பத்மநாபபுரம். அங்கிருந்து திருவனந்தபுரம் செல்லும் வழி களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களின் ஊடே செல்கிறது. நெய்யாற்றின்கரைக் கண்ணன் கோயிலும் மார்த்தாண்ட வர்மா எடுப்பித்ததே. குளச்சலில் சிறைப்பட்டுப் பின்னர்த் திருவிதாங்கூர்ப் படைத்தலைவரான டிலனாய் 1777இல் மறைந்தார். உதயகிரிக் கோட்டையிலுள்ள அவரது கல்லறையில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. இப்பகுதியில் தமிழுக்கிருந்த பொதுநிலைக்கு இக்கல் ஒரு சான்று.

மார்த்தாண்ட வர்மாவுக்குப் பின் ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா (ஆட்சி 1758–1798) பிரெடெரிக்கின் சமகாலத்தவர். அவரைப் போலவே கலைப்பயிற்சியுடைய மன்னர். கதகளிக்குரிய ஆட்டக்கதைகளையும் 'பாலராமபரதம்' என்னும் வடமொழி நாட்டிய நூலையும் இவர் இயற்றினார். ஆயின் இவர் படைப்புகள் எவர்க்கு உரியன என்று நோக்கினால் வேறுபாடு புலனாகும். ஆட்டக்கதை பாடுவோர்க்கும் ஆடுவோர்க்கும் உரியது. செண்டை, மத்தளம், சேங்கிலம், இலத்தாளம் ஆகியன அதன் கருவிகள். குழலுக்கு அங்கே இடமில்லை. பிரஷ்யாவில் அரசர் குழலூத ஆசிரியர் இயற்றினார். திருவிதாங்கூரில் அரசர் இயற்ற, பாடுவோர் பாடினர்.

இவ்வேறுபாடு குழல் அரிதாயிருந்ததன் விளைவு என்று கூறி அமைய இயலாது. அதற்கு அடுத்த தலைமுறை தக்க சோதனையாகிறது. சுவாதித் திருநாள் (ஆட்சி 1829–1846) அவையில் தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு விளங்கினார். அவர் வயலின் வல்லவர். ஐரோப்பியக் கருவியாகிய வயலினைப் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) முதலியோர் நம் இசைக்குப் பொருத்தி அப்போது நெடுங்காலம் ஆகவில்லை. சுவாதித் திருநாள் 1834இல் வடிவேலுவுக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார் என்பர். இயற்றும் ஆற்றலுடைய மன்னர், அவர் மதித்த கருவியாளர், ஐரோப்பியக் கருவி ஆகிய மூன்றும் ஓரவையில் அமைந்தன. எனினும் சுவாதித் திருநாள் பெயரில் வழங்குவன கீர்த்தனை, வர்ணம், பதம், தில்லானா போன்ற வாய்ப்பாட்டு வடிவங்களே.

தில்லானாவும் ஜதிஸ்வரமும் சொல்லற்றவை அல்லவா என்று வினவலாம். அவையும் முற்றிலும் வாய்மொழி நீங்கியவை அல்ல. தில்லானா பெரும்பாலும் தாளச்சொற்கட்டால் ஆனது; ஜதிஸ்வரம் ஸ்வர எழுத்துகளால் ஆனது. இரண்டையும் நாவால் சொல்லலாம். நம் மரபில் உருப்படி என்பது முதலில் வாயால் சொல்லத்தக்கது. பின்னரே கருவியில் இசைக்கத்தக்கது.

3. குழலோனின் தகுதி

இக்கோட்பாடு 18ஆம் நூற்றாண்டில் தோன்றியதன்று. சிலப்பதிகார அரங்கேற்றுகாதை மாதவியின் அரங்கேற்றத்துக்கு வேண்டிய வல்லுநரை வரிசைப்படுத்துகிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், இயற்றமிழ்ப் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அவர் அறுவர். அவ்வரிசையில் பாட்டியற்றும் புலவனுக்குத் தனியிடம் உண்டு. அவன் ஆடலுக்கும் பாடலுக்கும் இயற்றுகிறான். குழலுக்கெனத் தனியே ஒன்றும் இயற்றுவதில்லை.

குழலாசிரியனுக்குக் காப்பியம் விதிக்கும் தகுதிகளுள் இரண்டு மொழியியலார்க்கு முதன்மையானவை. ஒன்று, பாட்டின் எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியே புலப்படுமாறு பிழையின்றி ஊதுதல். மற்றொன்று, சித்திரப் புணர்ப்பு, வஞ்சனைப் புணர்ப்பு என்னும் இருவகைப் புணர்ப்புகளை அறிந்திருத்தல். இசை கொள்ளும் எழுத்துகளின்மேல் வல்லொற்று வருமிடத்து அதனை மெல்லொற்றுப்போல நெகிழ்த்து இசைப்பது சித்திரப் புணர்ப்பு என்னும் கருத்துப்பட அடியார்க்குநல்லார் விளக்குகிறார். உ. வே. சாமிநாதையர் 1892இல் வெளியிட்ட பதிப்பால் இவ்வுரை அச்சில் பரவலாகக் கிடைத்தது.

இங்குப் பேசப்படுவது இசையின் அழகு மட்டுமன்று. ஒலியன்களை எவ்வாறு குழலில் வெளிப்படுத்துவது என்பதாகும். குழலில் குரலொலி இல்லை. ஆகவே ஒலிப்புடைய மெய், ஒலிப்பிலா மெய் என்னும் வேறுபாட்டை அது காட்ட இயலாது. ஒலியைத் தொடங்கும் முறை, ஒலி அடைபட்டு நிற்கும் காலம், இழைந்து செல்லும் தன்மை ஆகியவற்றையே அது காட்டும். தமிழில் 'பாடு', 'பாட்டு' என்னும் சொற்களைப் பிரித்தறிய உதவும் முதன்மைக் கூறுகளுள் ஒன்று அடைப்பின் கால அளவு. வடமொழியில் இன்றியமையாத ஒலிப்பு, மூச்சொலி வேறுபாடுகள் குழலில் மறைந்துவிடும். தமிழின் தனிமெய், இரட்டைமெய் வேறுபாடு குழலில் எஞ்சி நிற்கும். எழுத்துப் புலப்பட ஊத வேண்டும் என்னும் விதி தமிழ்க் காப்பியத்தில் அமைந்திருப்பதற்கு இவ்வொலியமைப்பும் ஒரு காரணமாயிருந்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு.

4. 'குழல்', 'வாசி' என்னும் சொற்கள்

இனிச் சொற்களுக்கு வருவோம். குழல் என்பது உள்துளையுடைய பொருளைக் குறிக்கும் பொதுச்சொல். புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியம் வகுக்கும். அவ்வகையில் மூங்கில் புல்லினத்தது. அதனாலாகிய குழல் புல்லாங்குழல். மலையாளத்தில் இதற்கு நிகரான பெருவழக்கு 'ஓடக்குழல்' என்பதாகும். 'ஓட' என்பது மூங்கிலினத்து நாணல்வகை ஒன்றின் பெயர். 1965ஆம் ஆண்டுக்குரிய முதல் ஞானபீடப் பரிசு பெற்ற ஜி. சங்கரக்குறுப்பின் கவிதைத் தொகுப்புக்கும் இதுவே பெயர்.

இரு மொழியிலும் ஈற்றுச்சொல் ஒன்றே. ஆயினும் அடையில்லாமல் 'குழல்' என்று மட்டும் வரும்போது பொருள் பிரிகிறது. தமிழ் இலக்கிய வழக்கில் அது புல்லாங்குழலைக் குறிக்கும். கேரளக் கோயில் மேளத்தில் 'குழல்' என்றால் குறுங்குழல். அது நாகசுரம் போலச் சீவாளி பொருத்தி ஊதும் கருவி. 'குழல்பற்று' என்னும் நிகழ்ச்சியில் தனித்து ஒலிப்பதும் அதுவே. எனவே மலையாள மேள வருணனையில் வரும் குழலைத் தமிழில் புல்லாங்குழல் ஆக்குவதும், சிலப்பதிகாரக் குழலோனை மலையாளத்தில் வெறும் 'குழல்காரன்' ஆக்குவதும் ஒரே பிழையின் இருமுகங்கள். எழுத்தும் ஒலியும் ஒன்றாயிருப்பதால் இப்பிழை கண்ணில் படாமலே போகிறது.

வினைச்சொல் இதற்கு மாறாக ஒற்றுமை காட்டுகிறது. தமிழில் நூலையும் வாசிக்கிறோம், குழலையும் வாசிக்கிறோம். மலையாளத்தில் 'வாயிக்குக' என்பதற்கும் இவ்விரு பொருளும் உண்டு. இவ்விரண்டும் ஒரே வேரினின்று கிளைத்தனவா, வெவ்வேறு வடசொற்கள் ஒலியொப்புமையால் ஒன்றாயினவா என்பது தனியே ஆராயத்தக்கது. வழக்கில் ஒரு சொல்லாக நிற்பதே இங்கு நமக்கு வேண்டுவது. ஜெர்மானிய மொழியில் கருவியை இசைப்பதற்குரிய வினை 'ஷ்பீலன்'. அது விளையாடுதலையும் குறிக்கும். நம் மொழிகளில் குழலோன் வாசிப்பவன். இயற்றுநர் ஆக்கிய பாட்டு முன்னரே உள்ளது. அதனை அவன் மூச்சால் வாசிக்கிறான் என்று பொருள் கொள்வதற்கு இச்சொல் இடந்தருகிறது.

5. நாவொலிகளும் அவற்றின் பெயர்ப்பும்

ஐரோப்பியக் குழலிசை முற்றிலும் மொழிநீங்கியது என்று கொள்ளுதலும் தவறாகும். குவாண்ட்ஸ் 1752இல் பெர்லினில் ஜெர்மானியத்திலும் பிரெஞ்சிலும் வெளியிட்ட குழல் நூலில் நாவசைவுகளை அசைகளால் பெயரிடுகிறார். விரைந்த குறுஸ்வரங்களுக்கு 'டி' என்னும் வல்லசை. மெல்ல நீளும் பண்ணுக்கு அதன் ஒலிப்புடைய இணை. இவற்றோடு 'டிரி' முதலிய கூட்டசைகளும் உண்டு. அவருக்கு முன் 1707இல் ஒத்தெத்தேர் என்பார் 'து', 'ரு' என்னும் அசைகளைக் கூறினார். நம் நாகசுர மரபிலும் நாவடிக்குத் 'துத்துக்காரம்' என்றே பெயர். தொலைவிலுள்ள இரு மரபுகள் நாவின் தொழிலை 'து' என்னும் ஒரே அசையால் சுட்டுவது ஒலிப்பியல் காரணமுடையது. நுனிநா பல்லையோ பல்லடியையோ தொட்டு விடுபடுவதே இரண்டுக்கும் அடிப்படை.

குவாண்ட்ஸ் கூறும் முதலிரு அசைகளைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'டி' என்றே அமையும். நம் எழுத்தில் ஒலிப்பு வேறுபாட்டுக்குத் தனிவடிவம் இல்லை. மலையாள எழுத்தில் அச்சிக்கல் எழாது. எனவே தமிழில் பெயர்ப்போர் வல்லொற்று, மெல்லொற்று என்னும் மரபுச்சொற்களை நாடக்கூடும். அது பிழையாகும். தமிழ் இலக்கணத்தில் மெல்லொற்று மூக்கொலி. குவாண்ட்ஸ் கூறும் மென்மை ஒலிப்பின் மென்மை. அடியார்க்குநல்லார் உரையிலிருந்து இங்குக் கொள்ளத்தக்க சொல் 'நெகிழ்த்தல்' என்பதே. ஒன்றை 'இறுகிய டி' என்றும் மற்றொன்றை 'நெகிழ்ந்த டி' என்றும் பெயர்த்தால் குழலில் உண்மையாகக் கேட்கும் வேறுபாட்டைச் சுட்டியதாகும்.

ஆக, இரு மரபிலும் குழலோனின் நாவில் அசை உண்டு. ஒன்றில் அவ்வசை பொருளற்றது. தாளில் உள்ள இசைக்குறிக்குத் துணையாவது. மற்றொன்றில் அது பாட்டின் சொல்லிலிருந்தே வருவது.

6. எல்லையில் சாகித்தியம்

அசை சொல்லிலிருந்து வருமாயின் குழலோன் பாட்டின் மொழியை அறிந்திருக்க வேண்டும். பாறசாலைப் பகுதியில் இது வெறும் கோட்பாடாக நில்லாமல் நடைமுறைச் சிக்கலாகிறது.

தமிழையும் மலையாளத்தையும் பிரிக்கும் ஒலிமாற்றங்களுள் ஏ. ஆர். ராஜராஜவர்மா 'கேரளபாணினீயத்தில்' (1896) முதலாவதாகக் கூறுவது அனுநாசிகாதிப்பிரசரம். மூக்கொலியை அடுத்த வல்லொலி தானும் மூக்கொலியாவது அது. தமிழின் 'வந்து', 'நின்று', 'தேங்காய்' என்பன மலையாளத்தில் 'வந்நு', 'நிந்நு', 'தேங்ஙா' என நிற்கும். இவ்வேறுபாட்டைக் குழலில் வைத்து நோக்குக. 'வந்து' என்பதில் தகரம் அடைத்துத் திறப்பது. அங்கே நாவடி ஒன்று வேண்டும். 'வந்நு' என்பதில் ஒலி முறியாது செல்லலாம். ஸ்வரமும் தாளமும் ஒன்றாகவே இருக்க, நாவடியின் இருப்பும் இன்மையும் எம்மொழிச்சொல் ஊதப்படுகிறது என்பதைக் காட்டிவிடும். சொற்புணர்ச்சியும் இத்தகையதே. 'கண்ணனைக் காண' என்பதில் மிகும் ககரம் குழலில் சிறு அடைப்பாக ஒலிக்க வேண்டும். மலையாளத்தின் இன்றைய வழக்கில் இச்சொற்களைப் பிரித்தெழுதும்போது அவ்வொற்றுப் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதிப் பயிலும் மாணவர் அந்த ஒற்றையும் அதற்குரிய அடைப்பையும் சேர்த்தே இழக்க நேரும்.

ஈண்டு இழப்பது சிறிதன்று. இவ்வழியில் தமிழ்ச் சாகித்தியத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. நாகர்கோவிலை அடுத்த வடிவீசுவரத்தில் பிறந்த நீலகண்ட சிவன் (1839–1900) பத்மநாபபுரத்திலும் திருவனந்தபுரத்திலும் வாழ்ந்து தமிழில் பாடினார். தஞ்சைப் பகுதியில் பிறந்த பாபநாசம் சிவன் (1890–1973) இளமையில் கல்வி பெற்றது திருவனந்தபுரத்தில். ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரசுவதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை ஆகிய திருவுருவங்கள் களியக்காவிளை எல்லையைக் கடந்து, நெய்யாற்றின்கரைக் கண்ணன் கோயிலில் இரவு தங்கித் திருவனந்தபுரம் செல்கின்றன. அங்கே நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது இரவும் சுவாதித் திருநாளின் ஒன்பது கீர்த்தனைகள் முறையே முதன்மை பெறும். 2006இல் அம்மண்டபத்தில் முதன்முதலாகப் பாடிய பெண் பாறசாலை பி. பொன்னம்மாள் (1924–2021). எல்லைச் சிற்றூரில் பிறந்தவர் ஒரு நெடிய தடையைக் கடந்தது வாய்ப்பாட்டின் வழியாகவே என்பது குறிப்பிடத்தக்கது.

கருவியிசை இதில் எந்நிலையில் உள்ளது? சரப சாஸ்திரிகள் (1872–1904) குழலைக் கச்சேரி மேடையில் தனிக்கருவியாக நிலைநிறுத்தினார். அவர் வழிவந்த பல்லடம் சஞ்சீவராவ் (1882–1962) அம்மரபை வளர்த்தார். டி. ஆர். மகாலிங்கம் (1926–1986) விரலிடும் முறையையும் ஊதும் முறையையும் மாற்றி வாய்ப்பாட்டின் கமகங்களைக் குழலில் கொணர்ந்தார். மேடையில் குழல் தலைமைநிலை எய்திய பின்னரும் அது வாசித்தவை பெரும்பாலும் பாடுவதற்கென இயற்றப்பட்ட உருப்படிகளே. குழலுக்கென இசை இயற்றுவோரைத் தேடுவதைவிட வாயின் நுட்பங்களைக் குழலுக்குக் கொண்டுவருவதையே அக்கலைஞர்கள் மேற்கொண்டனர்.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன மூன்று.

முதலாவது, 'அவருக்காக இசை எழுதினர்' என்பதனை 'அவர் இசைப்பதற்கெனச் சொல்லில்லாக் கருவியிசை இயற்றினர்' என விரித்துப் பெயர்த்தலே தகும். விரிக்காவிடின், பாட்டு இயற்றி அளித்தனர் என்றே தமிழ், மலையாளப் படிப்பாளர் கொள்வர். மறுதலையாக, நம் இசை வரலாற்றைப் பிற மொழிகளில் பெயர்ப்போர் நம் குழலிசைஞருக்கு இயற்றுநர் இல்லை என்பதை ஒரு குறையாகக் காட்டலாகாது. பாட்டியற்றியோர் அனைவரும் அவருக்கும் இயற்றுநரே.

இரண்டாவது, தமிழ் 'குழல்' மலையாளத்தில் 'ஓடக்குழல்' ஆகவும், மலையாள மேளக் 'குழல்' தமிழில் 'குறுங்குழல்' ஆகவும் பெயர்க்கப்பட வேண்டும். ஒலியொற்றுமையை நம்பி அடையை விடுதல் கூடாது.

மூன்றாவது, கருவி பயில்வோர்க்கு ஸ்வரக்குறிப்பை மட்டும் அளிக்காமல் சாகித்தியத்தையும் பதம் பிரித்து, மிகும் ஒற்றும் அடைப்பும் தோன்ற எழுதி அளித்தல் வேண்டும். தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் தருவோர்க்கு இது இருமடங்கு கடமை. இருமொழியும் வீட்டிலேயே கேட்டு வளர்ந்த குழலோனுக்கு 'வந்து' எங்கே முறியும், 'வந்நு' எங்கே இழையும் என்று எவரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. அவன் பிள்ளைகள் ஒரு மொழியில் மட்டும் கற்று வளரும்போது அவ்வறிவு செவிவழியே தானாக வந்து சேராது. அதனை எழுத்தில் பதிந்து வைத்தல் இசையாசிரியர் பணி மட்டுமன்று. எழுத்தையும் ஒலியையும் தொழிலாகக் கொண்ட நம் பணியும் ஆகும்.